ஒரே தேர்வு, இரண்டு காக்கி: காவலரும் சிறைக் காவலரும்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பொதுத் தேர்வை எழுதுகிறவர் மூன்று வேலைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறார்: இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். தமிழ்த் தகுதித் தேர்வில் நாற்பது விழுக்காடு வாங்கினால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். அந்தத் தாளில் பொது அறிவும் உளவியலுமாக 70 மதிப்பெண். உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும். சம்பள விகிதமும் ஒன்றுதான்: 18,200 முதல் 67,100 ரூபாய் வரை.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் வெளிச்சம் வருமுன் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ‘போலீசுக்குப் படிக்கேன்’ என்பான். ‘ஜெயிலுக்குப் படிக்கேன்’ என்று சொல்பவனை நான் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சிலும் இதே கதைதான். ‘மாப்பிள்ளைக்குப் போலீஸ்ல வேலை’ என்றால் பெண்வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘மாப்பிள்ளை ஜெயில்ல இருக்காரு’ என்று தரகர் அவசரத்தில் சொல்லிவிட்டால், ஆச்சிக்கு ஒருதரம் நெஞ்சடைத்துவிட்டுத்தான் விளக்கம் புரியும்.

தீயணைப்பாளரை இங்கே விட்டுவிடலாம். மனிதரைப் பிடிப்பதும் அடைப்பதும் அவர் வேலை அல்ல. மற்ற இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒரே தாளை எழுதி, ஒரே மைதானத்தில் ஓடி, ஒரே நிறத் துணியை உடுத்துகிற இந்த இருவரிடம் அந்தந்த வேலை கேட்கும் குணங்கள் ஒன்றுதானா? பல இடங்களில் அவை நேரெதிர் என்பதுதான் என் கணிப்பு.

கையில் இருக்கும் காலம்

இரண்டு காக்கியும் சந்திக்கும் இடம் சிறை வாசல். நீதிமன்றத்தில் ரிமாண்ட் ஆன ஒருவரைப் போலீசார் கூட்டிவருகிறார்கள். பெரிய கதவைத் திறக்காமல், அதிலுள்ள திட்டிவாசல் வழியாகக் குனிந்து உள்ளே வரவைக்கிறார்கள். வாரண்டில் உள்ள பெயர், தகப்பனார் பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் ஆளோடு ஒத்துப் பார்க்கப்படுகின்றன. அரைஞாண் கயிறு வரைக்கும் சோதனை நடக்கிறது. கையிலிருந்த பணமும் மோதிரமும் பதிவேட்டில் ஏறுகின்றன. கூட்டிவந்தவர் ஒப்புகைச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைக்கிறார். அவர் வேலை அங்கே முடிகிறது, சிறைக் காவலரின் வேலை அங்கே தொடங்குகிறது.

காவலர் கையில் ஒருவர் இருக்கும் காலத்தைச் சட்டம் மணிக்கணக்கில் அளந்திருக்கிறது. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவின்படி, கைதானவரை பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். அந்தச் சில மணி நேரத்தில் காவலர் கேட்க வேண்டும், தேட வேண்டும், சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் இல்லாத போலீஸ்காரர் கடலுக்குப் போகாத வள்ளம் மாதிரி.

சிறைக் காவலருக்குக் கிடைப்பது மாதங்கள், சில வேளை ஆண்டுகள். அவர் விசாரிக்கத் தேவையில்லை. விசாரிக்கவும் கூடாது. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. தண்டனை பெற்றவருக்கும் தண்டனை என்பது வெளியே போக முடியாமல் இருப்பதுதான். அதற்குமேல் தன் பங்குக்கு எதையும் சேர்க்கச் சிறைக் காவலருக்கு அதிகாரம் இல்லை. சுனில் பத்ரா வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: சிறைக்குள் போகிறவர் தம் அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை.

நெடுங்காலம் ஒருவரோடு இருப்பவருக்கு வேண்டியது கவனம். மனு பார்க்கிற நாளில் குளச்சலிலிருந்தோ கருங்கலிலிருந்தோ பஸ் ஏறி வருகிற தாய், கம்பிவலைக்கு இந்தப்பக்கம் நின்று முதலில் கேட்பது வழக்கைப் பற்றி அல்ல. ‘பிள்ள சாப்பிடுகானா சாரே?’ என்பதுதான். ‘சாப்பிடுகான்மா, போங்க’ என்று எவரும் சொல்லிவிடலாம். ‘ரெண்டு நாளா சரியா சாப்பிடல்ல. இன்னைக்குக் காலைல உப்புமா வாங்கித் தின்னான்’ என்று சொல்ல வேண்டுமென்றால், சொல்பவர் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தப் பார்வைதான் இந்த வேலையின் சாரம். ஜாமீன் மனு தள்ளுபடியான அன்று எவன் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், எவன் தன் துண்டையும் சோப்பையும் அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறான், வழக்கமாக வருகிற மனைவி எவனுக்கு இரண்டு வாரமாக வரவில்லை என்பதெல்லாம் பாரா நிற்கிறவர் கண்ணில் பட வேண்டும். படாமல் போனால் மறுநாள் காலைக் கணக்கெடுப்பில் ஒரு ஆள் குறையலாம்.

ஆபத்து வரும் திசை

2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். குமரி மாவட்டம் மறக்காத சாவு அது. போலீஸ்காரருக்கு ஆபத்து வரும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எந்த வண்டியில் யார் வருகிறார், மடியில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாது. ஆகவே அவருக்கு வேண்டியது சட்டென்று விழித்துக்கொள்ளும் உடம்பு, நொடியில் முடிவெடுக்கும் துணிச்சல்.

1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்திய சிறையில் நடந்தது வேறு வகை. ‘பாக்ஸர்’ வடிவேலு என்ற கைதி இறந்துபோனதைத் தொடர்ந்து கைதிகள் கொந்தளித்தார்கள். துணை ஜெயிலர் ஜெயகுமார் உள்ளேயே எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டார்கள். இங்கே கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் அல்லர். தினமும் முகம் பார்த்தவர்கள். சிறையில் ஆபத்து இருட்டிலிருந்து பாய்வது அரிது. நாள்பட்ட மனக்குறையாகக் கண்ணெதிரே வளர்ந்து, ஒரு நாள் வெடிக்கும். சரியாக வேகாத சோறு, கிடைக்காத மருந்து, ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனுக்கு மறுத்த சலுகை, இவையெல்லாம் சேர்ந்தே அந்த நாள் வருகிறது.

சிறைக் காவலர் அதற்குள் வெறுங்கையோடு நடக்கிறார் என்பதை வெளியே பலர் அறியார்கள். துப்பாக்கி இருப்பது வாசலிலும் கோபுரத்திலும்தான். கைதிகளோடு நேரடியாகப் பழகும் ஊழியர்கள், விதிவிலக்கான சூழல் தவிர, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும் சொல்கின்றன. காரணம் எளிது. ஒரு பிளாக்கில் காவலர் ஒருவர் அல்லது இருவர், கைதிகள் பலர். மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்கிறது. அந்த ஆறுக்கு ஒன்றும் மூன்று ஷிப்டாகப் பிரியும். விடுப்பும் வாசல் வேலையும் போக மீதிதான் உள்ளே. துப்பாக்கியை உள்ளே கொண்டுபோனால் அது யார் கைக்குப் போகும் என்பது ஆள்பலக் கணக்கில் வந்துவிடும்.

அப்படியானால் உள்ளே இருப்பவரைக் காப்பது எது? சொன்ன சொல். ‘நாளைக்கு டாக்டர் பாப்பாரு’ என்று சொன்னால் நாளைக்கு டாக்டர் பார்க்க வேண்டும். முடியாதென்றால் முடியாது என்று இன்றே சொல்லிவிட வேண்டும். தெருவில் போலீஸ்காரர் சமாதானத்துக்காக ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போகலாம். அந்தக் கூட்டத்தை மறுநாள் அவர் பார்க்கப்போவதில்லை. சிறைக் காவலர் பொய் சொன்னால், அந்தப் பொய்யோடு நாளை காலைத் திறப்பின்போது அதே பிளாக்குக்குள் நடக்க வேண்டும்.

ஊரறிவு என்னும் இருமுனைக் கத்தி

நாஞ்சில் நாட்டில் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது கேள்விக்குள் ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதியும் மதமும் தெரியும். பிறகு ‘உங்க மாமா பூதப்பாண்டில இருந்தாருல்லா?’ என்று உறவும் வந்துவிடும். காவலருக்கு இந்த அறிவு முதலீடு. 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காடு கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. எந்தக் கோயில் கொடை எந்தத் தெருவழியாகப் போகிறது, எந்தக் குருசடிக்கு முன் மேளம் நிற்கக் கூடாது என்று தெரியாத போலீஸ்காரர் இங்கே அமைதி காக்க முடியாது.

இதே அறிவைச் சிறைக் காவலர் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். கைதியின் ஊர் தெரிந்து, சாதி தெரிந்து, ‘நம்ம ஆளு’ என்று ஒரு இழை மனதுக்குள் ஓடிவிட்டால், அடுத்த பிளாக்கில் இருப்பவனுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடும். சிறைக்குள் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

மலைக்கணவாயைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போனால் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று தெரியும். அங்குள்ள மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்தார்கள். சாதி மோதலைத் தவிர்க்க என்பது காரணம். 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். பிரித்து வைத்தது அமைதியைக் கொண்டுவரவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாளையங்கோட்டை ஏற்பாட்டையும் எடுத்துக்காட்டி, சிறைகளில் சாதி பார்த்துப் பிரிப்பதும் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்னது. பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது.

தீர்ப்பு டெல்லியில் வந்தாலும் அதை நடத்திக் காட்ட வேண்டியவர் பிளாக் சாவியை வைத்திருப்பவர். பிரிக்காமல் வைத்தும் சண்டை வராமல் பார்க்க வேண்டுமென்றால் அவர் எல்லாருக்கும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ‘லேய்’ என்று அதட்டுவதும் ‘மக்கா’ என்று குழைவதும் தெருவில் செல்லும். உள்ளே ஒருவனை ‘மக்கா’ என்றும் இன்னொருவனை ‘லேய்’ என்றும் கூப்பிட்டால், நூறு பேர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வார்கள்.

பேனாவின் கனம்

இரண்டு வேலையிலும் எழுத்து உண்டு. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலம், மகஜர். ஒரு சம்பவத்தைக் கதையாக்கி நீதிமன்றம் நம்பும்படி நிறுவுகிற எழுத்து. சிறையில் உள்ள எழுத்துக்குக் கதை கிடையாது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, உடம்பில் என்ன காயம், என்ன மருந்து, யார் பார்த்தது, இவ்வளவுதான். அந்த உப்புச் சப்பில்லாத எழுத்துக்கு எவ்வளவு கனம் என்பதை 2020 ஜூனில் தமிழ்நாடு பார்த்தது.

சாத்தான்குளத்தில் ஜூன் 19 அன்று போலீசாரால் பிடிக்கப்பட்டு, காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அவர்களைச் சேர்த்தபோது உடம்பில் இருந்த காயங்கள் சிறையின் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பதிவு பின்னால் சான்றாயிற்று. காவல் நிலையத்துக்குள் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னவரும் ஒரு காக்கிச் சட்டைக்காரர்தான், தலைமைக் காவலர் ரேவதி. ஆகவே ஒரு துறை நல்லது, மற்றது கெட்டது என்று பிரிக்க இடமில்லை. ஒன்று மட்டும் தெளிவாகிறது. போலீஸ் நிலையத்தில் உண்மையைச் சொல்ல ஒருவர் தன் கூட்டத்தையே எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. சிறை வாசலில் அதே உண்மையை எழுதுவது அன்றாடக் கடமையின் ஒரு வரி. அந்த வரியை விட்டுவிடச் சொல்லி வெளியிலிருந்து வரும் நெருக்குதலுக்கு வளையாத முதுகு சிறைக் காவலருக்கு வேண்டும். எழுதியதோடு வேலை முடியவில்லை என்பதையும் கோவில்பட்டி சொல்கிறது: காயத்தைப் பதிவேடு கண்டுகொண்டது, உயிர்கள் பிழைக்கவில்லை. காயம்பட்டவரைக் கண்டால் எழுதவும் வேண்டும், உடனே மருத்துவரிடம் சேர்க்கவும் வேண்டும்.

சபலம் வரும் வழி

போலீஸ்காரரிடம் வரும் சபலம் பெரும்பாலும் அன்றன்றைக்கு வேறுவேறு ஆளிடமிருந்து வருகிறது. மண் லாரி, இரவு கடை, அடிதடி சமரசம் என்று. ஒருமுறை வேண்டாமென்றால் அந்த ஆள் போய்விடுவான். சிறைக் காவலரிடம் அதே ஆள் தினமும் வருகிறான். முதல் நாள் ‘வீட்ல பிள்ளைக்கு உடம்பு சரியாயிட்டா ஏட்டையா?’ என்று விசாரிப்பு. பிறகு வெளியே ஒரு தகவல் சொல்லக் கோரிக்கை. அதில் என்ன தப்பு என்று தோன்றும். பிறகு ஒரு கட்டு பீடி. பீடி வாங்கிக் கொடுத்தவர் செல்போன் வாங்கிக் கொடுக்க மறுக்கும்போதுதான் கயிறு இறுகும்: ‘பீடி விஷயத்தை ஜெயிலர்ட்ட சொல்லட்டுமா?’ கைதிக்கு நாள் முழுக்க யோசிக்க நேரம் இருக்கிறது, காவலருக்கு எட்டு மணி நேரம்தான். ஆகவே சிறை வேலைக்கு வேண்டிய நேர்மை, கோபமில்லாமல், முகம் சுளிக்காமல், எல்லாரிடமும் ஒரே மாதிரி, தினமும் ‘முடியாது’ என்று சொல்கிற நேர்மை. ஒருநாள் வீரத்தால் அது வருவதில்லை.

தேர்வும் பயிற்சியும்

இவ்வளவு வேறுபாட்டையும் வைத்துக்கொண்டு மறுபடி அந்த வினாத்தாளைப் பார்க்கலாம். ‘உளவியல்’ என்ற பெயரில் அதில் இருப்பதில் பெரும்பகுதி எண் தொடர், உறவுமுறைக் கணக்கு, திசைப் புதிர் வகை. பாரா நிற்கும்போது பக்கத்து அறையில் ஒருவன் தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறான் என்பதை உணரும் அறிவை அது சோதிப்பதில்லை. ஓட்டமும் நீளம் தாண்டுதலும் திருடனைத் துரத்த உதவும். மணிக்கணக்கில் நின்று, நடந்து, பார்த்து, எண்ணுகிற வேலைக்கு அவ்வளவு உதவாது. கயிறு ஏறுதல் சிறைக்குள் காவலரைவிடக் கைதிக்குத்தான் பயன்படும்.

நார்வேயில் சிறை அலுவலராக விரும்புகிறவர் அதற்கென்றே உள்ள கல்லூரியில் இரண்டு ஆண்டுகள், சம்பளத்தோடு, சட்டமும் உளவியலும் சமூகப்பணியும் படித்துவிட்டே சாவியைத் தொடுகிறார். அது சிறிய, பணக்கார நாடு. நம் கூட்டமும் நெருக்கடியும் அங்கே இல்லை. ஆனால் நமக்கும் அடித்தளம் இல்லாமல் இல்லை. தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்காக வேலூரில் 1979 முதல் ஒரு பயிற்சிக் கழகம் இயங்குகிறது. சிறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த நீதிபதி முல்லா குழு 1983இலேயே சிறைப்பணி தனித் திறன் கேட்கும் பணி என்று வலியுறுத்தியது. ஆனாலும் சிறைத்துறையின் உச்சிப் பதவியில் காவல் பணி அதிகாரியை அமர்த்துவதே பழக்கமாக இருக்கிறது. அதனால் கெடுதல்தான் என்று சொல்ல மாட்டேன். 1993 முதல் திகார் சிறையை நடத்திய கிரண் பேடி காவல் பணியிலிருந்து வந்தவர்தான். கைதிகளின் குறைகளைக் கேட்க நடமாடும் மனுப் பெட்டி வைத்தார், படிப்பும் தியானமும் கொண்டுவந்தார். போலீஸ் புத்தியைக் கழற்றி வைத்தவரால் அது முடிந்தது என்பதுதான் அதில் படிக்க வேண்டிய பாடம்.

எடை போட்டுப் பார்த்தால்

துணிச்சலும் வேகமும் சந்தேகமும் ஊரறிவும் காவலருக்கு முதல் குணங்கள். பொறுமை, கவனம், சமநோக்கு, சொன்ன சொல் தவறாமை, பதிவேட்டில் பொய் எழுதாத கை, இவை சிறைக் காவலருக்கு. இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நல்ல போலீஸ்காரர் ஒருவர் மோசமான சிறைக் காவலராக இருக்க முடியும், மறுதலையும் உண்மை. மைதானத்தில் மூன்றாவதாக ஓடி வந்த, அதிகம் பேசாத, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற பையன் ஒருவேளை சிறைப்பணிக்கென்றே பிறந்தவனாக இருக்கலாம். அவனைக் கண்டுபிடிக்க நம் தேர்வு முறையில் வழி இல்லை.

தேர்வு ஒன்றாகவே இருக்கட்டும், செலவு மிச்சம். ஆனால் எழுத்துத் தேர்வில் தேறி, சிறைத்துறைக்கு ஒதுக்கப்படுகிறவர்களுக்காவது நேர்காணலும் மனநலத் தகுதிச் சோதனையும் தனியாக வைக்கலாம். வேலையில் சேருமுன் சில நாள் ஒரு மத்திய சிறையில் திறப்பு முதல் அடைப்பு வரை நின்று பார்க்க விடலாம். நின்று பார்த்துவிட்டு வேண்டாமென்று போகிறவர் போகட்டும், அதுவும் துறைக்கு லாபம்.

இந்த ஆண்டும் விண்ணப்பம் நிரப்பப்போகிற நாஞ்சில் நாட்டுத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு சொல். சிறைக் காவலர் பணி ஒதுக்கப்பட்டால் போலீஸ் கிடைக்காமல் போயிற்றே என்று தலையைத் தொங்கப்போடாதீர்கள். ஆளைப் பிடிப்பது ஒரு நாள் வேலை. பிடித்த ஆளைக் கெட்டுப்போகாமல், செத்துப்போகாமல், வந்தபோது இருந்ததைவிட மோசமாகாமல் திருப்பி ஊருக்கு அனுப்புவது ஆண்டுக்கணக்கான வேலை. இரண்டில் கடினமானது இரண்டாவதுதான்.